ஆல்பர்ட் விட்ட சொல்

இருநூறு ஆண்டுகளுக்கும் முன் அமெரிக்க, இங்கிலாந்து பாப்டிஸ்ட் போதகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை தில்லி ஜனக்புரி அலுவலகம் ஒன்றில் ஆல்பர்ட் படித்துத் தட்டச்சு செய்கிறான். முந்நூறு கடிதங்களில் ஒரு சொல்லைக்கூட விட்டதில்லை என்ற திமிர் அவனுக்கு உண்டு.

நேற்று பாஸ்டன் போதகரின் கடிதத்தில் ஒரு சொல் பிடிபடவில்லை. முதல்முறையாகக் காலியிடம் விட்டான்.

"கண்ணாடிய மாத்து, ஆல்பர்ட்," என்றாள் மேலாளர் ஷ்ருதி. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அடுத்த கடிதத்தைத் திறந்தான். அதே போதகர், 1794. வழக்கம்போல முந்தைய கடிதத்தைக் குறிப்பிட்டே தொடங்கியிருந்தார்: 'சென்ற கடிதத்தில் ஆல்பர்ட்டுக்குப் புரியாத சொல், நங்கூரம். மற்றபடி அவர் வாசிப்பில் குறையில்லை.'

ஆல்பர்ட் காலியிடத்தை நிரப்பினான். இந்தக் கடிதத்தையும் ஓர் எழுத்து விடாமல் அடித்து அனுப்பினான்.

"இதுல ஆல்பர்ட்னு வருதே, யாரு?" என்றாள் ஷ்ருதி.

"நான்தான் மேடம்," என்றான், நிமிர்ந்து உட்கார்ந்து.