இரண்டு துண்டு குதிரைவாலி

“எப்பிடிண்ணே இப்பிடி ஆகும்? தராசு சரியாத்தானே இருக்கு?”

மூன்றாவது தடவையாக மூட்டைகளைத் தூக்கி வைக்கச் சொன்னாள் சுகந்தி. தராசு மாறுவதாக இல்லை. பழைய நாட்டு விதை விதைத்த கீழத்துண்டில் எண்பது கிலோ குதிரைவாலி. வறட்சி தாங்கும் என்று அவளே ஆராய்ந்து உருவாக்கிய புது விதைக்கு, மேலத்துண்டில் வெறும் நாற்பது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இதோடு போய் நின்றால் டாக்டர் பட்டம் அம்போதான்.

ஒரே புஞ்சை, ஒரே மழை, ஒரே நாள் விதைப்பு. எந்த விதை எங்கே என்று பரளச்சி ஊரில் ஈ காக்கைக்குக்கூட அவள் சொல்லவில்லை. புஞ்சைக்காரர் பால்ச்சாமிக்கே தெரியாது. விதைப் பைகளில் எண் மட்டும்தான். போன வருடம் விதைத்ததை இந்த வருடம் துண்டு மாற்றி விதைத்தது வரை எல்லாம் முறைப்படி.

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க. கீழத்துண்டுக்கு மட்டும் உரம் கிரம் போட்டீங்களா?”

“நீங்கதான் கூடாதுன்னீகளே மேடம், உரமெல்லாம் போடலை.” பால்ச்சாமி தலையைச் சொறிந்தார். “விதைப்புக்கு முந்தி ஆட்டுக்கிடைதான் போட்டேன். முந்நூறு ஆடு, அஞ்சு நாளு.”

“புழுக்கையும் மூத்திரமும் உரமில்லாம வேற என்னண்ணே?” கத்தியே விட்டாள். “அதுவும் ஒரு துண்டுக்கு மட்டும்!”

“கோவப்படாதீக. அதுக்கு மேல கிடைக்காரரு நிக்க மாட்டேன்னுட்டாரு. சரி, உங்க விதையாச்சும் நல்லா வரட்டுமேன்னு…”

“என் விதை எதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அளந்து முளைக்குச்சி ஊனுன அன்னைக்கு, கீழத்துண்ட விட்டு நகராம ஒரு மணி நேரம் நின்னீகளே. அப்பவே புரிஞ்சிருச்சு.”

“ஐயோ, அங்கதாண்ணே செல்லுக்கு டவர் கிடைச்சுது!”

பால்ச்சாமியின் முகம் தொங்கிப் போனது.

“அடடா… போன வருசமும் அங்கனதான நின்னீக? அப்பவும் கீழத்துண்டுலதான் கிடை போட்டேன்!”

போன வருடம் கீழத்துண்டில் விளைந்தது சுகந்தியின் புது விதை. இரு மடங்கு விளைச்சல் என்று கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கிவிட்டாள். அன்றைக்கு மட்டும், எப்படி இப்படி ஆகும் என்று பால்ச்சாமியிடம் ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.