செவலையின் வாத்துப் பேச்சு

சந்தையில் வாங்கி வந்த செவலை என்ற கோழியை, ஏரிக்கரை வாத்துக் கூட்டத்தோடு விட்டுவிட்டார்கள். வந்த அன்றே அது மூத்த வாத்திடம் போய், "சாப்பிட்டாச்சா?" என்று வாத்துப் பாஷையில் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "உன்னைச் சாப்பிடட்டுமா?" என்று கேட்டுவைத்தது. கூட்டமே வயிறு குலுங்கச் சிரித்தது. செவலைக்கு ரோஷம் வந்துவிட்டது. சுத்தமாகப் பேச வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தது.

அதன்பின் கரையில் நின்றபடி, காதில் விழுந்த வார்த்தைகளை மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கும். மூத்த வாத்து ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டும்.

ஒரு மத்தியானம் வாத்துகள் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பருந்து ஒன்று வட்டமிட்டு இறங்கியது. செவலை கோழிப் பாஷையில் கொக்கரித்தது. ஒரு வாத்தும் நிமிரவில்லை. பருந்துக்கு வாத்துப் பாஷையில் என்ன பெயரென்று அதற்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைக் கத்தியது.

"மேலே! சாப்பாடு! நாம!"

வாத்துகள் அண்ணாந்து பார்த்தன. மறுநொடி எல்லாம் கோரைப்புல்லுக்குள் புகுந்துகொண்டன. பருந்து வெறுங்காலோடு திரும்பியது.

"தப்பாச் சொல்லிட்டேனா அக்கா?" என்று செவலை கூச்சத்தோடு கேட்டது.

"அத்தனையும் தப்பு," என்று மூத்த வாத்து சிரித்தது. இந்த முறை செவலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அது ஓயாமல் உளறிக்கொண்டே இருந்தது.

சில நாள் கழித்து, செவலை தனியாகக் கரையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து மூத்த வாத்தின் குரல் கேட்டது.

"மேலே! சாப்பாடு! நீ!"

செவலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புதருக்குள் ஓடியது.