நடுவில் சேராத கோடுகள்

மூன்றாவது கம்பளத்தைப் பார்த்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் நடுவில் இம்மி பிசகாமல் சேர்ந்திருந்தன.

“ஏன்யா உயிரை வாங்கறீங்க? முதல் கம்பளத்துல கோடு சேரவே இல்ல. அதைத்தானே கண்காட்சியில புது டிசைன்னு கொண்டாடினாங்க? அதே மாதிரிதானே கேட்டேன்?”

“நீங்களே அப்படி வரைஞ்சு குடுத்துடுங்க சார்” என்றார் தறியின் இடப்பக்கம் இருந்த நெசவாளர்.

“வரைஞ்சேனே. செயற்கையா இருக்குன்னு வாங்கறவங்க உதட்டைப் பிதுக்கிட்டாங்க. அன்னிக்கு உங்க கைக்குத் தானா வந்தது, இப்ப ஏன் வரல?”

அவர் தலையைச் சொறிந்தார். வலப்பக்கம் இருந்த அவர் மனைவிதான் வாயைத் திறந்தார்.

“எப்பவும் இவரு படத்தைப் பாத்து நிறத்தைச் சொல்லுவாரு, நான் என் பக்கம் முடிச்சுப் போடுவேன் சார். அந்தக் கம்பளம் முடியறவரைக்கும் எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. நானா ஒரு குத்துமதிப்பா போட்டேன்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“இவரோட அக்கா வந்து தங்கியிருந்தாங்க.”

கையில் இருக்கும் ஆர்டர்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். பிறகு நெசவாளர் பக்கம் திரும்பினேன்.

“உங்க அக்கா மறுபடி வந்து தங்க நானே டிக்கெட் எடுத்து அனுப்பட்டுமா?”