மணவறையில் ஒரு லட்டு

தன் கல்யாண ரவிக்கையையே அறுபதாம் கல்யாணத்துக்கும் போட வேண்டுமென்று மரகதவல்லிக்கு ஆசை, கண்ணுகளா. அதற்காகத்தான் கொழுப்பை உடம்பில் ஒட்டவிடாத அந்த மாத்திரையை விழுங்கிவந்தாள். நெய்யோ எண்ணெயோ தின்றால் போதும், அது செரிக்காமல் பின்பக்கமாக அவளையறியாமலே கசிந்து புடவையில் மஞ்சள் கறையாகிவிடும்.

ரவிக்கை ஏறிவிட்டது. மணவறையில் அவள் புருஷன் சிங்காரம் நெய் வழியும் லட்டை நீட்டினார்.

"வாயத் தொறங்க அண்ணி! இன்னும் என்ன வெக்கம்?" என்று நாத்தனார் சீண்டினாள்.

"வேணாங்க, கூறைப்புடவை கெட்டுடும்" என்று மரகதவல்லி கிசுகிசுத்தாள்.

அவர் குனிந்தார். "இந்த ரவிக்கை நம்ம கல்யாணத்தன்னைக்கே உனக்குப் பத்தல. அக்குள்ல தையல் விட்டத மறைக்கத்தானே கைய இறுக்கிக்கிட்டு உக்காந்திருந்த?"

இத்தனை வருஷம் அதைச் சொல்லாமலே வைத்திருந்த மனிதரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இன்றைக்கும் இறுக்கியே வைத்திருந்த கையைத் தளர்த்தி, வாயைத் திறந்தாள்.