வாடகைப் பலகையும் வைஃபை பெட்டியும்

தெருவே ஓசியில் தொங்கிக்கொண்டு படம் பார்த்ததில் ரத்தினசபாபதி வீட்டு வைஃபை பெட்டிக்கு மூச்சு வாங்கியது. விஷயம் தெரியாத அவரோ, "இந்தச் சனியன் இழுக்கவே மாட்டேங்குது. காயலான் கடையில போட்டுடறேன்" என்றார்.

பெட்டி, வாசல் கேட்டில் தொங்கிய 'வீடு வாடகைக்கு' பலகை மீது பாய்ந்தது. "என் பாஸ்வேர்டை ஏன்டி ஊருக்கே காட்டுற?"

"நான் அவரு போன் நம்பரைத்தானே காட்டுறேன்."

"அதேதான்டி பாஸ்வேர்டு."

மறுநாள் எதிர்வீட்டம்மா, "உங்க வைஃபை நின்னு நின்னு வருதே சார்" என்று குறைபட்டுக்கொண்டாள். விழித்துக்கொண்ட ரத்தினசபாபதி, பாஸ்வேர்டாக மனைவியின் நம்பரைப் போட்டார். பெட்டி நிம்மதியாக மூச்சு விட்டது.

மாலையில் அவர் பெயின்ட் டப்பாவோடு கேட்டுக்குப் போனார். தன் போன் எப்போதும் பிஸி என்று, பலகையில் மனைவியின் நம்பரையும் எழுதினார்.

"பெயின்ட் காயறவரைக்கும் ஓய்வெடுத்துக்கடி" என்றது பலகை.