கசியாத போன்

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, போனையும் வாயையும் சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டு, சாம்பசிவம் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு பெண்.

"நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்மா. வீட்டுக்குத் தெரியக் கூடாது. மேனேஜருக்குத் தெரியவே கூடாது."

அவள் ஏதோ கேட்டாள். மலைமேல் லைன் சரியில்லை. இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். பிறகு பெயர், வயது, அடையாள அட்டை எண், நோயின் விவரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் அடுத்த திங்கட்கிழமைக்கு நாள் கிடைத்தது.

தொட்டிமேல் உட்கார்ந்திருந்த மைனாக்கள் பறந்தன. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் அந்த லயத்தில் நாலு வீடு தள்ளித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பூவிழி, பிழிந்த சட்டை கையில் இருக்க, அப்படியே நின்றாள். அவரும் அவளும் ஒரே பேக்டரியில் வேலை. நல்லவேளை, அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் சாம்பசிவம்.

என்ன நோய் என்று கேட்காதீர்கள். கட்டிய மனைவியிடமே அவர் சொல்லாததை நாம் சொல்வது முறையாகாது. தேயிலை பேக்டரியில் இலையை உருட்டும் மிஷின் அவர் பொறுப்பு. இந்த நோய் தெரிந்தால் அவரை அதன் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள், புல்வெட்ட அனுப்பிவிடுவார்கள். மிஷினை விட்டால் அவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

இதற்காகத்தான் போனையே மாற்றினார். பழைய போனில் ஒருநாள் அந்த நோயைப் பற்றித் தேடிப் பார்த்தார். மறுநாள் விடிந்ததிலிருந்து அதற்கான விளம்பரமாகவே வந்து விழுந்தது. திருநீறு பூசிய கையோடு போனைத் திறந்தால் முருகன் பாட்டுக்கு முன்னால் அதே விளம்பரம். மேனேஜரின் போனுக்கும் இது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பயந்துபோய், கோலாலம்பூரில் இருக்கும் அக்காள் மகன் ரூபனைப் பிடித்து, யாருக்கும் எதையும் சொல்லாத போன் ஒன்றை வரவழைத்தார்.

அது வாக்குத் தவறவில்லை. யாருக்கும் எதையும் சொல்லவில்லை; அவருக்கும் சொல்லவில்லை. பேங்க் ஆப் அதில் ஏறவில்லை. கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு ஸ்கேன் செய்து பணம் கட்ட வழியில்லாமல், மனைவி வசுமதி வரும்வரை கடைக்காரரோடு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார். லீவு நாளில் எங்கே கார்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று காட்டும் வரைபடமும் இல்லாததால், ரிங்லெட் டவுனுக்குப் போய்த் திரும்ப அரை நாள் ஆயிற்று. பேக்டரி குரூப்பில் வரும் ஷிப்ட் நேரத்தைப் பூவிழிதான் தினமும் வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். கிளினிக்கில் நாள் வாங்கும் ஆப்பும் ஏற மறுத்ததால்தான், தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாயால் பேச வேண்டியதாயிற்று.

ஆனாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் அதே உபதேசம்தான்.

"ஒன் போனு, நீ என்னா சமைக்கிறேன்னு அமெரிக்காக்காரனுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கு. என்னோடது ஊமை."

வசுமதி எதிரில் வந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். "சொல்லட்டும்லா. ஒரு நாளாச்சும் அவன் வந்து சமைக்கட்டும்."

சனிக்கிழமையன்று, திங்கட்கிழமைக்கு லீவு கேட்க ஆபீசுக்குப் போனார். தாப்பாவில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று பொய் தயாராக இருந்தது. அந்தப் பொய்க்காக முருகனிடம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டு வைத்திருந்தார்.

மேனேஜர் அவரை வாய் திறக்கவே விடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து முன்னால் நின்றார்.

"திங்கக்கிழமை எஸ்டேட் வேன் ஈப்போ போகுது. நீங்களும் வசுமதி அக்காவும் அதுலயே போயிட்டு வாங்க."

மேனேஜரே தொடர்ந்தார். மிஷின் சாம்பசிவத்துடையதுதான், யாரும் எடுக்கப்போவதில்லை. வைத்தியம் முடியும்வரை பூவிழியும் துணைக்குப் பக்கத்தில் நிற்பாள். லயத்து ஆட்கள் மொத்தமாக வந்து கேட்டுக்கொண்டார்களாம்.

கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். சாம்பசிவத்துக்கு வந்ததோ கோபம். விறுவிறுவென்று பேக்டரி வாசலுக்குப் போய், கூடையோடு நின்றிருந்த பூவிழியிடம் போனை நீட்டினார்.

"ரூபன் பய என்னை ஏமாத்திட்டான். இதுவும் உளவு பாக்குது. குரூப்ல எல்லாருக்கும் வந்துருச்சா?"

"குரூப்ல ஒருத்தரும் போடலண்ணே. ஒரு வாரமா லயத்துல யாரும் உங்க முன்னாடி வாயே தொறக்கல. உங்க மனசு நோகக் கூடாதுன்னு அக்காதான் வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போச்சு."

"வசுமதிக்கும் தெரியுமா?" அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப யாரு சொன்னது?"

பூவிழி கூடையைக் கீழே வைத்தாள். அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீங்கதாண்ணே. காது கேக்காதவங்க ரகசியம் பேசுனா, கொழுந்து பறிக்கிற மலை வரைக்கும் கேக்கும்."