பொதுப்பிறை

பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நூகு, ரமலான் இருபத்தொன்பதாம் நோன்பன்று, சூரியன் மறையும் மக்ரிப் நேரத்தில், பெருநாள் பிறையைக் கண்டார். மேற்கே குன்றுகளுக்கு மேல் நகக்கீற்றாக நின்றது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் அங்கேயேதான் இருந்தது. கைப்பேசியோ, எல்லா நாடுகளுக்கும் ஒன்றாக அறிவிக்கும் பொதுப்பிறை நாளைக்குத்தான் என்றது.

உலகச் சந்தை தங்களைத் தனித்தனியாக விழுங்கிவிடக் கூடாதென்று முஸ்லிம் நாடுகள் கைகோத்தபோது நாணயம் ஒன்றானது, கப்பல்கள் ஒன்றாயின, பிறையும் ஒன்றானது. அதற்குப் பிறகுதான் அரிசி விலை இறங்கியது, நூகுவின் வேலையும் நிலைத்தது. போன வருடம் வேறு நாளில் பிறை கண்டதாகச் சொன்ன பக்கத்து வீட்டு ஹுமாயூனின் கதவு இன்னும் பூட்டியே கிடக்கிறது.

நூகு மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் பிறை கண்ட மறுநாள் பெருநாள்; பெருநாளன்று நோன்பிருப்பது மார்க்கம் விலக்கிய ஹராம். தனியாகப் பிறை கண்டவர் மறைவாக நோன்பை விடவேண்டும் என்று மதரசாவில் ஓதியது அவரை விடாமல் அரித்தது.

மறுநாள் நண்பகலில் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் நுழைந்தார். அங்கே அவர் மனைவி மைமூனா பேரீச்சம்பழத்தை மென்றபடி நின்றாள். அவரைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது.

"நேத்து துணி எடுக்க மொட்டமாடிக்குப் போனேங்க" என்றாள். கொட்டையைக் கைக்குள் மறைத்தாள்.

"நானும் பாத்தேன் புள்ள."

அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "குடிச்சிராதீங்க, ஜன்னலச் சாத்திக்கிறேன்" என்று போனவள், ஜன்னல் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

நூகு எட்டிப் பார்த்தார். எதிர் அடுக்குமாடியில், அந்தப் புழுக்கத்திலும், ஒரு அடுக்களை ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.